நிறுத்தி வைத்த லிப்ட்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். லிப்ட் நின்றது மழைக்கு முன்பா, மழை பிடித்த பிறகா என்று கேட்டால் சத்தியம் செய்யத் தயாரில்லை. தரைத்தளத்தில் தொங்கிய அட்டையில் ‘பழுது’ என்று இருந்ததா, ‘பராமரிப்பு’ என்று இருந்ததா என்பதும் கலங்கலாகத்தான் தெரிகிறது. முக்கால்வாசியை லிப்ட்காரரே பிற்பாடு என்னிடம் சொன்னார், அதுவும் ஒரே மூச்சில் அல்ல. ஒரு வாக்கியம் சொல்வார், டீ ஆறி ஏடு படியும்வரை சும்மா இருப்பார், பிறகு இன்னொரு வாக்கியம் வரும். அந்த இடைவெளிகளை நானாக நிரப்பியிருக்கக்கூடும். ஆனால் லிப்ட் பழுதாகவே இல்லை என்பதும், அதை நிறுத்தி வைத்தவர் அவர்தான் என்பதும் நிச்சயம்.

லிப்ட்காரர் என்றால் லிப்ட் பழுதுபார்க்கிறவர். ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிப்டுகள் அவர் கைபட்டவை. தான் குடியிருந்த கட்டிடத்தின் லிப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வீடு நான்காம் மாடியில். மனைவி மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவர். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. பள்ளிக்கூடத்தில் கேலியாக வேறு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை அவள் வீட்டில் சொன்னதில்லை.

முந்தின வருடம்வரை பாப்பா லிப்டில் ஏறவே மாட்டாள். லிப்டுக்கும் அவளுக்கும் போட்டி. அப்பாவை லிப்டில் ஏற்றிவிட்டு, இவள் படியில் பாய்ந்து ஓடி, நான்காம் மாடியில் கதவு திறக்கும்போது மூச்சு இரைக்க நிற்பாள். எப்போது அது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள், விளையாட்டு போய்விடுகிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். பிறகு சீருடையின் இடுப்பு பற்றவில்லை. புதிதாகத் தைத்தார்கள். அதுவும் பற்றவில்லை. பாப்பா நடக்கும்போது கைகளை வயிற்றின்மேல் கட்டிக்கொள்ளப் பழகினாள்.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் எடை பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், இரண்டாம் முறை போனபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்த வயசுல சர்க்கரை இந்த அளவுக்கு இருக்கறது எனக்குப் பிடிக்கல. இப்பவே பிடிச்சு நிறுத்தலேன்னா காலம் பூரா மாத்திரைதான். எந்த மாடி நீங்க?”

“நாலு.”

“படி இருக்குல்ல. ஏறி இறங்கட்டும்.” பிறகு பாப்பாவைப் பார்த்து, “நல்லா தூங்கறியாம்மா?” என்று கேட்டார்.

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். “தூங்கறேன்” என்றாள். டாக்டர் அடுத்த ஆளை அழைக்க மணியை அழுத்திவிட்டார்.

அன்றிலிருந்து லிப்ட்காரரைப் பயம் விடவில்லை. அவருடைய அக்கா ஒருத்திக்குச் சர்க்கரையால் கால் போயிருந்தது. பாப்பா செருப்பு மாட்டும்போதெல்லாம் அவர் கண் அவள் பாதத்துக்குப் போகும். பள்ளி விட்டு நாலு மணிக்கு வரும் பெண் ஏழு மணிவரை தனியாக இருக்கிறாள், அந்த நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்று கணவனும் மனைவியும் கண்டுபிடித்தார்கள். டப்பாவில் வைத்த ரஸ்க் காலி. வறுத்த கடலை காலி.

“நூடுல்ஸ் பாக்கெட் மூணும் இல்ல. ஆனா பாத்திரம் கழுவின அடையாளமே இல்லீங்க” என்றாள் மனைவி. “பச்சையாவே தின்னுருக்கா.”

“பசிக்குதோ என்னவோ.”

“பசிச்சா மேசைல சோறு இருக்கே. அத ஒரு பருக்கை தொடல. சும்மா வாய் கேக்குது அவளுக்கு. நீங்க செல்லம் குடுத்தது போதும்.”

அலமாரிக்குப் பூட்டு வந்தது. பாப்பா பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அடுத்த சில நாட்களில் ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுகள் காலியாக இருந்தன. கட்டியெல்லாம் எங்கே போகிறது என்று மனைவி கேட்டதற்கு, “கடிச்சேம்மா” என்றாள் பாப்பா. ஐஸ் தண்ணீர்தானே, அதில் எடை ஏறாது என்று அவர்கள் நிம்மதிப்பட்டார்கள்.

படி விஷயம்தான் நடக்கவில்லை. “படில வா” என்று சொன்னால் தலையாட்டுவாள். பிறகு பார்த்தால் லிப்டில் வந்திருப்பாள். தொழில் தெரிந்த மனிதர் அல்லவா, தொழிலிலேயே ஒரு வழி கண்டார். லிப்டே இல்லையென்றால்?

ஆனால் எல்லோருக்கும் பொதுவான லிப்டைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரிடம் கேட்டார். இரண்டாம் மாடிக்காரர், கட்டிடம் முழுக்க அவரைச் செக்ரட்டரி என்றுதான் கூப்பிடும். பெரிய துணிக்கடை ஒன்றில் மேலாளர், மாலையில் சீக்கிரம் வீடு திரும்புகிறவர். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தாலும் சரி, யார் வீட்டிலாவது சாவு என்றாலும் சரி, முதலில் வந்து நிற்பார். எதிலும் ஒரு வேடிக்கை சொல்லி எதிராளியைச் சிரிக்க வைக்காமல் அனுப்ப மாட்டார்.

“கொஞ்ச நாளைக்குத்தான் சார். பாப்பாவுக்காக. டாக்டர் படி ஏறச் சொல்லிட்டார்.”

“அட, தாராளமா. பாப்பா ஏறினா உங்க லிப்டே மூச்சு வாங்குதுய்யா. அதுக்கும் கொஞ்சம் லீவு குடுங்க.”

லிப்ட்காரரும் சிரித்தார். தான் சிரித்ததை மட்டும் அவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

லிப்ட் பெட்டியைத் தரைத்தளத்துக்கு அனுப்பிவிட்டு, மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் மெயினை அணைத்தார். கீழே வந்து கதவைப் பூட்டி, அட்டையை மாட்டினார். மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கையில் காய்கறிப் பையோடு அட்டை முன்னால் நின்று, “இதுக்கு என்னய்யா நோவு?” என்றார்.

“ஒரு பார்ட் வரணும் சார்.”

“நீங்களே குடியிருக்கற கட்டிடத்துக்கே இந்தக் கதின்னா ஊர்க்காரன் லிப்டெல்லாம் உருப்பட்ட மாதிரிதான்.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதருக்குக் காது சூடாயிற்று. பொறுத்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது பாப்பாவும் கேட்டாள்.

“எந்த பார்ட்ப்பா?”

“பிரேக் காயில்.”

பாப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவரோடு கட்டிடம் கட்டிடமாகப் போனவள் அவள். பிரேக் காயில் எங்கே கிடைக்கும், எத்தனை நேரத்தில் வாங்கி வரலாம் என்று அவளுக்குத் தெரியும். “சரிப்பா” என்றாள்.

காலையில் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். மூன்றாம் மாடிவரை பாப்பா சுவர்ப் பக்கமாக வருவாள். இரண்டாம் மாடி திரும்பும்போது அவருக்கு அந்தப் பக்கம் மாறிக்கொண்டு, சட்டையை இடுப்பருகே பிடித்துக்கொள்வாள். கீழே போனதும் விட்டுவிடுவாள். பெண் இன்னும் குழந்தைதான் என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். சாயங்காலம் தனியாக ஏறிவிடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டார். கேட்டால் “ஏறினேன்” என்றாள்.

ஆனால் அடுத்த முறை எடை பார்த்தபோது முள் இறங்கவில்லை. ஏறியிருந்தது. டாக்டர் இம்முறை கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. “வீட்ல யாராவது சீரியஸா எடுத்துக்கறீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

விஷயம் உடைந்தது தெருமுனை ரொட்டிக்கடையில். சவரப் பிளேடு வாங்க எதிர்க்கடைக்குப் போனவரை ரொட்டிக்கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார்.

“உங்க பொண்ணு தங்கமான பொண்ணுங்க. தினமும் நாலு மணிக்கு வந்து அந்த மூலைல உக்காந்தா, அம்மா தெருவுல வர்றது தெரிஞ்சு எந்திரிச்சு ஓடறவரைக்கும் வாயத் தொறக்காது. அதாவது பேசாது. மத்ததுக்குத் தொறக்கும்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

“தினமுமா?”

“லிப்ட் நின்னதுலேர்ந்து. ரஸ்க்தான். அதுவும் நல்லா மொறுமொறுன்னு இருக்கணும், நேத்து சுட்டது வேண்டாம்னுடும். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, லிப்ட் சரியாக இன்னும் கொஞ்சம் நாளானா நல்லதுதான் எனக்கு.”

லிப்ட்காரர் வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மகள் முன்னால் குரலை உயர்த்தினார். அடிக்கவில்லை. மேசையில் கையைத்தான் ஓங்கித் தட்டினார். பாப்பா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குறுகினாள். அவர் திகைத்துப் போனார். இந்த வீட்டில் அவளை யாரும் ஒரு தட்டுத் தட்டியதில்லை. பின் இந்தக் குறுகல் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி அவருக்குள் எழுந்தது உண்மை. ஆனால் கோபத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

“உன் கால் போயிடும் தெரியுமா? அத்தையப் பாத்தல்ல? நாளையிலேர்ந்து நாலு மணிக்கு நேரா வீடு. அந்தக் கடைல உனக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

பாப்பா கையை மெல்ல இறக்கினாள். “லிப்ட மட்டும் போட்டுடுப்பா” என்றாள். “வேற எதுவும் திங்க மாட்டேன். சத்தியமா.”

“அதெல்லாம் பேரம் பேசாத.”

மறுநாள் அவர் சீக்கிரமே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். அவள் நேராக வீட்டுக்கு வருகிறாளா என்று பார்க்க வேண்டும். நாலரைக்கு வீட்டைத் திறந்தால் உள்ளே ஆள் இல்லை. ரொட்டிக்கடைக்குப் போனார், அங்கேயும் இல்லை. பள்ளியில் காவலாளி, எல்லோரும் எப்போதோ போயாயிற்று என்றார். திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொரு சீருடையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மனைவிக்கு ஃபோன் செய்தார், அவளிடமும் வரவில்லை. நேற்றுத் தட்டிய கை எரிவது போலிருந்தது. கோபத்தில் வீட்டை விட்டுப் போகிற பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

மறுபடி படியேறி வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. லிப்டைப் போட்டுவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவள் கேட்டது அது ஒன்றுதானே. போட்டுவிட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள் என்பது போல ஒரு பைத்தியக்கார எண்ணம். நேராக மெஷின் ரூமுக்குப் போய் மெயினைப் போட்டு, ஓடுகிறதா என்று பார்க்கப் பெட்டியை மேலே இழுத்தார்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். காலிப் பெட்டி மேலே வரும்போது கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும், மோட்டார் சும்மா வழுக்கும். இது வழுக்கவில்லை. சிறு இழுப்பு ஒன்று இருந்தது. பெட்டிக்குள் பாரம் இருந்தது. அந்தப் பாரத்தின் அளவு அவருக்குத் தெரியும். டாக்டர் அறை எடை இயந்திரத்தில் அவர் பார்த்த அளவு.

நிறுத்தினார். மெயினை அணைத்தார். வீட்டு ஆணியில் தொங்கும் லிப்ட் கதவின் இன்னொரு சாவி காலையில் கண்ணில் பட்டதா என்று யோசித்துக்கொண்டே மாடி மாடியாக இறங்கினார். பெட்டி முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. இரண்டாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்கதவைக் கையால் தள்ளினார். பெட்டியின் மேல்பாதிதான் தெரிந்தது. தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தார்.

பாப்பா மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பச்சை நூடுல்ஸ் பாக்கெட்.

“பாப்பா. அடி ஏதாவது பட்டுதா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“பெல் அடிச்சிருக்கலாம்லடா.”

“அடிச்சா அவர் வெளிய வந்துடுவார்.”

“யாரு?”

அவள் பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். “மேல வா. கையக் குடு” என்று அவர் கையை நீட்டினார்.

“இங்க வேண்டாம்ப்பா. இது ரெண்டாவது மாடி.”

அப்போதுதான் அவருக்கு அது கேட்டது. முதுகுக்குப் பின்னால், செக்ரட்டரி வீட்டுக் கதவுக்கு உள்ளே, ஏதோ மரத்தில் மோதுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், வாய் திறக்காமல் உள்ளேயே அமுங்குகிற குரல். பிறகு செக்ரட்டரியின் குரல், நிதானமாக, சங்கக் கூட்டத்தில் பேசுவது போல. மறுபடி மோதல்.

பாப்பா நூடுல்ஸை உடைத்து வாய் நிறையப் போட்டு மெல்லத் தொடங்கினாள். கறக் கறக் என்று, அவரைப் பார்த்துக்கொண்டே மென்றாள். அவளுக்கு ருசி பார்க்கும் முகம் இல்லை. விழுங்கினாள், உடனே அடுத்ததைப் போட்டாள்.

லிப்ட்காரர் படுத்தபடியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்.

“தினமுமா?”

“தினமும் இல்ல. என்னைக்குன்னு தெரியாது. அதான்.” அவள் மென்றுகொண்டே பேசினாள். “நம்ம வீட்ல சமையல்கட்டு குழாய்ச் சந்து வழியா கேக்கும். டிவி வெச்சாலும் நடுவுல எப்ப வரும்னு காது அதையே தேடும். மெல்லும்போது மட்டும் காதுக்குள்ள வேற எதுவும் கேக்காது. மெதுவா இருக்கறத தின்னா கேக்கும்.”

“எப்பலேர்ந்து பாப்பா?”

“போன வருஷம். ஓடி வந்தேனா, கதவு தொறந்திருந்துச்சு. ஆன்ட்டி தலையப் பிடிச்சு செருப்பு அலமாரில...” நிறுத்தினாள். “ஆன்ட்டி என்னப் பாத்து உதட்டுல விரல வெச்சாங்க. அவர் திரும்பி, ‘என்ன பாப்பா, ஸ்கூல் முடிஞ்சுதா?’ன்னார். எப்பவும் கேக்கற மாதிரியேதான் கேட்டார். நானும் முடிஞ்சுதுன்னு சொன்னேன்.”

“உன்ன விட்டுட்டு எங்கயும் போகல. கதவு தொறந்தே இருக்கும். என் காலப் பாத்துக்கிட்டே இரு” என்றார் அவர்.

எழுந்து நின்று செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே எல்லாம் நின்றது. கதவு ஒரு முழம் திறந்தது. செக்ரட்டரியின் நெற்றியில் வியர்வை. முகத்தில் அதே சிரிப்பு.

“என்ன லிப்ட்காரரே, வைத்தியம் முடிஞ்சு லிப்டுக்கு உயிர் வந்துடுச்சா?”

“சத்தம் கேட்டுது சார்.”

“டிவி.”

லிப்ட்காரர் ஒன்றும் சொல்லவில்லை. போகவும் இல்லை. பேசத் தெரியாத மனிதருக்கு நிற்கத் தெரிந்திருந்தது. செக்ரட்டரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேலைசெய்வதை நிறுத்தியது.

“ஊரு வீட்டு டிவிய விட்டுட்டுப் போய் உங்க பொண்ணு எடையப் பாருங்கய்யா. குடும்பம்னா ஆயிரம் இருக்கும்.”

செக்ரட்டரிக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது. “ஒண்ணுமில்லண்ணா. நீங்க போங்க” என்றாள்.

“போறேம்மா. இந்த மாடில கொஞ்சம் வேலை இருக்கு. முடியறவரைக்கும் இங்கயேதான் இருப்பேன்.” சொல்லிவிட்டு அவர் ஃபோனை எடுத்து, இருவரும் பார்க்கவே காவல்நிலையத்துக்குப் பேசினார். முகவரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னார், குரல் மட்டும் அவருடையது போல இல்லை. கதவு படீரென்று மூடிக்கொண்டது. உள்ளே சத்தம் வரவில்லை. அவர் லிப்ட் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையை உள்ளே தொங்கவிட்டார். பாப்பா எட்டி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடையில் பாதியிலேயே சொல்லிக்கொண்டு ஓடிவந்த மனைவி அவர்களை அப்படித்தான் பார்த்தாள். எதிர்க் கதவைப் பார்த்ததும் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அந்தம்மா என் கவுண்டர்லதான் களிம்பு வாங்குவாங்க” என்றாள் தாழ்ந்த குரலில். “எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு விஷயம்னு இருந்துட்டேன். நம்ம வீட்டுக்குள்ள வந்தது தெரியல.”

லிப்ட்காரர் மேலே போய் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை முதல் மாடிக்கு இறக்கினார். அதுவரை மனைவிதான் லிப்ட் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் வந்தார்கள். செக்ரட்டரியின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள், எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் லிப்டை வேண்டுமென்றே நிறுத்தியது பேசப்பட்டு, பராமரிப்பு வேலை லிப்ட்காரரிடமிருந்து வேறொருவருக்குப் போனது. மற்ற விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. செக்ரட்டரி மறு வருடமும் தேர்ந்தெடுக்கப்பட்டார், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அவர் மனைவி சில மாதம் கழித்து ஒரு மதிய நேரத்தில், மருந்துக்கடையிலிருந்து லிப்ட்காரர் மனைவி கூட வர, பேருந்து ஏறித் தங்கை ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. லிப்ட்காரர் குடும்பம் வேறு தெருவில் தரைத்தள வீடு ஒன்றுக்கு மாறியது. பாப்பாவின் எடை அந்த வருடம் இறங்கவில்லை, அடுத்த வருடமும் பெரிதாக இல்லை. தூக்கம் வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். கல்லூரி முடித்து ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். லிப்ட்காரருக்குப் போன வருடம் காது மந்தமானது, வேலையை விட்டுவிட்டார்.